அலுவலக மெயிலும் நம் சங்கக் காலண்டரும்

நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே எழுத்தில்.



பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரி, பார்க்கிங் என்று பேச வேண்டியவை வரிசையாக நிற்கும்போது, மெயிலையும் காலண்டரையும் பற்றிப் பேச எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கிய தலைவருக்கும் செயலாளருக்கும் முதலில் நன்றி. "மெயில் பார்க்க எங்களுக்குத் தெரியாதா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே என்னிடமிருந்தே தொடங்குகிறேன்.

சில மாதங்களுக்கு முன் சி பிளாக் லிஃப்டில் ரோப் மாற்றும் வேலை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு நாள் லிஃப்ட் ஓடவில்லை. அதில் முதல் நாள் மாலை, ஐந்தாவது மாடியில் இருக்கும் ஓர் அம்மா முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். லிஃப்ட் கதவில் "பணி நடைபெறுகிறது" என்று பலகை. வேறு வழியில்லாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நாற்காலியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். அந்த அம்மா வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உங்களுக்கெல்லாம் சிரமம் கொடுக்கிறேனே" என்றுதான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

நிறுத்தத்தைப் பற்றிய மெயிலைச் சங்கம் ஒன்பது நாள் முன்பே அனுப்பியிருந்தது. "இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டும் போகலாம்" என்று டாக்டரும் சொல்லியிருந்தார். லிஃப்ட் ஓடாது என்று தெரிந்திருந்தால் இரண்டு நாள் தள்ளிப் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த அம்மாவின் மகன் மெயிலைப் பார்க்கவில்லை.

அந்த மகன் நான்தான். அலுவலகத்தில் மற்றவர்களுக்கு மெயில் மென்பொருளை அமைத்துக் கொடுப்பதுதான் என் வேலை என்பதையும் வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

மெயில் எங்கே போயிற்று?

மறுநாள் உட்கார்ந்து தேடினேன். மெயில் என் அலுவலக அவுட்லுக்கிலேயே இருந்தது. இன்பாக்ஸின் மேலே ஃபோகஸ்ட், அதர் என்று இரண்டு பகுதிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று அவுட்லுக் தானாகவே பிரித்து வைக்கும். நாம் யாருடைய மெயிலைத் திறக்கிறோம், யாருக்குப் பதில் எழுதுகிறோம் என்பதைப் பார்த்து அது முடிவு செய்கிறது. சங்கத்திலிருந்து வரும் மெயிலுக்கு நான் ஒருநாளும் பதில் எழுதியதில்லை. பலருக்கு ஒரே நேரத்தில் போகும் மெயில் வேறு. அதனால் கடை விளம்பரங்களோடு சேர்த்து அதர் பகுதியில் போட்டுவிட்டது. நான் அந்தப் பக்கம் போவதே இல்லை.

ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். 2013-ஆம் ஆண்டு முதல் பிரைமரி, சோஷியல், புரமோஷன்ஸ், அப்டேட்ஸ் என்று அது தனித்தனித் தட்டுகளாகப் பிரிக்கிறது. பிரைமரி தட்டில் விழுவதற்கு மட்டும் போனில் மணி அடித்தால், மற்ற தட்டுகளில் வந்து விழுவது நமக்குத் தெரியாது.

அந்த மெயிலைத் திறந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதன் தலைப்பு "மாதாந்திர அறிவிப்பு". முதல் பத்தியில் பராமரிப்புக் கட்டணம், இரண்டாவதில் குப்பை பிரித்துப் போடுவது, மூன்றாவது பத்தியின் நடுவில் லிஃப்ட். செயலாளர் சார் என்னைத் தவறாக நினைக்க மாட்டார். இருவரும் பேசிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். எழுதியவர் எழுத வேண்டியதை எழுதிவிட்டார். பெற்றவன் பெட்டிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் சரியாக இருந்தும் செய்தி போய்ச் சேரவில்லை.

இதில் நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு விஷயம். செய்தி மெயிலில் வரலாம். தேதி காலண்டரில் இருக்க வேண்டும். மெயில் வந்த வரிசையில் அடுக்கப்படுகிறது. இன்று வந்தது மேலே நிற்கும், ஒன்பது நாளுக்கு முன் வந்தது அடியில் கிடக்கும். ஆனால் லிஃப்ட் நிற்கும் நாளன்றுதான் அந்தச் செய்தி நம் கண்ணெதிரே இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது காலண்டர்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நம் வீட்டுச் சமையலறையில் மாதக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. சிலிண்டர் மாற்றிய நாள், பால் வராத நாள், சீட்டுப் பணம் கட்ட வேண்டிய நாள் எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். வீட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம். இப்போது பகிர்ந்த காலண்டர் என்று சொல்கிறோமே, அது அதேதான். ஒரு சுவரில் தொங்கியது நூறு போன்களில் தொங்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் மெயிலைச் சரிசெய்வோம்

காலண்டருக்குப் போகும் முன் மெயிலில் இரண்டு மூன்று வேலைகள் இருக்கின்றன. உங்களிடம் இருக்கும் பதிப்பைப் பொறுத்துப் பொத்தான்களின் இடம் கொஞ்சம் மாறலாம். பெயர்கள் பெரும்பாலும் இவைதான்.

அவுட்லுக் வைத்திருப்பவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் அதர் பகுதியைத் திறந்து பாருங்கள். சங்கத்தின் மெயில் அங்கே கிடந்தால், அதன் மேல் வலது கிளிக் செய்யுங்கள். மூவ் என்பதற்குள் ஃபோகஸ்டுக்கு மாற்ற இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று இந்த ஒரு மெயிலை மட்டும் மாற்றும். இன்னொன்று 'ஆல்வேஸ்' என்று தொடங்கும். இனி இவரிடமிருந்து வருவதையெல்லாம் மாற்றும். 'ஆல்வேஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் பிரிவினையே வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் ஃபோகஸ்ட் இன்பாக்ஸை அணைத்துவிடலாம். நான் அணைத்துவிட்டேன். விளம்பரங்களும் சேர்ந்துதான் வருகின்றன, பரவாயில்லை, அழித்துக்கொள்கிறேன்.

அடுத்தது ரூல்ஸ். செட்டிங்ஸில் மெயில் என்ற பகுதிக்குள் ரூல்ஸ் இருக்கும். "சங்கத்தின் முகவரியிலிருந்து வந்தால் சிவப்பு நிறக் குறி போடு" என்று ஒரு விதியை எழுதி வைக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. பலர் ஆர்வத்தில் தனி ஃபோல்டர் உருவாக்கி, சங்க மெயில் எல்லாம் நேரே அதற்குள் போகும்படி விதி எழுதுவார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அந்த ஃபோல்டரை யார் திறந்து பார்ப்பது? அதர் பகுதிக்கு நாமே இன்னொரு பெயர் வைத்ததுபோல் ஆகிவிடும். அறிவிப்பு மெயிலுக்கு நிறக் குறி போதும். இன்பாக்ஸிலேயே இருக்கட்டும்.

ஜிமெயிலில் சங்க மெயிலைத் திறந்து, மேலே இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தினால், இதுபோன்ற மெயில்களுக்கு ஃபில்டர் அமைக்கலாம் என்று ஒரு வரி வரும். அதில் "ஒருபோதும் ஸ்பாமுக்கு அனுப்பாதே", "பிரைமரியில் சேர்" என்ற இரண்டையும் டிக் செய்யுங்கள். இதைக் கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும். ஒரு முறை செய்துவிட்டால் போனுக்கும் சேர்த்து வேலை செய்யும்.

மூன்றாவது, சங்கத்துக்கு நீங்கள் கொடுத்திருக்கும் முகவரி எது என்று பாருங்கள். பகல் முழுக்க அதைத்தான் பார்க்கிறோம் என்று என்னைப் போலப் பலர் அலுவலக முகவரியைக் கொடுத்திருக்கிறோம். வேலை மாறினால் அந்த முகவரி அன்றோடு போய்விடும். சங்கத்திடம் போய் மாற்றிச் சொல்ல யாருக்கும் நினைவு வராது. சொந்த முகவரியைக் கொடுப்பதுதான் நல்லது. நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

சங்கக் காலண்டரை எப்படிப் பார்ப்பது?

செயற்குழுவின் சம்மதத்தோடு கூகுளில் சங்கத்துக்கென்று ஒரு காலண்டர் தொடங்கியிருக்கிறோம். லிஃப்ட் சர்வீஸ், சம்ப் கழுவும் நாள், ஜெனரேட்டர் சோதனை, பூச்சி மருந்து அடிக்கும் நாள், சமுதாயக் கூடம் பதிவான நாட்கள், பொதுக்குழு எல்லாம் அதில் ஏறிவிட்டன. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கரண்ட் கணக்கெடுப்பு, அரையாண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டிய சொத்து வரி போன்றவையும் திரும்பத் திரும்ப வரும் நிகழ்வுகளாகப் போட்டிருக்கிறோம்.

கூகுள் கணக்கு வைத்திருப்பவர்கள் உங்கள் மெயில் முகவரியைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால் போதும். உங்களுக்கு ஒரு மெயில் வரும். அதில் காலண்டரைச் சேர்ப்பதற்கான இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால்தான் காலண்டர் உங்கள் பட்டியலில் சேரும். மெயில் வந்ததாலேயே சேர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சேர்த்த பிறகும் போனில் தெரியவில்லை என்றால், கூகுள் காலண்டர் செயலியின் இடது மேல் மூலையில் இருக்கும் மூன்று கோடுகளை அழுத்துங்கள். காலண்டர்களின் பெயர்கள் வரும். நம் சங்கத்தின் பெயருக்கு அருகில் இருக்கும் சிறு கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். பத்துக்கு எட்டுப் பேருடைய பிரச்சினை அந்தக் கட்டம்தான். ஐபோனில் ஆப்பிளின் காலண்டரைப் பயன்படுத்துபவர்களுக்குச் சில நேரம் பகிர்ந்த காலண்டர் தெரியாது. கூகுள் காலண்டர் செயலியையே போட்டுக்கொண்டால் சிக்கல் இல்லை.

அவுட்லுக்கில்தான் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கூகுள் காலண்டரிலிருந்து ஐகேல் முகவரி என்று ஓர் இணைப்பை எடுத்துக் கொடுப்போம். அவுட்லுக்கில் காலண்டர் பகுதிக்குப் போய், ஆட் காலண்டர், அதற்குள் சப்ஸ்கிரைப் ஃப்ரம் வெப் என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த இணைப்பை ஒட்ட வேண்டும். பிறகு ஒரு பெயரும் நிறமும் கொடுத்தால் வேலை முடிந்தது. ஒரு நிறுவனத்தின் காலண்டர் இன்னொரு நிறுவனத்தின் மென்பொருளில் எப்படித் திறக்கிறது என்று ஒருவர் கேட்டார். காலண்டர் தகவலை எழுதுவதற்கு ஐகேலண்டர் என்று ஒரு பொது வடிவம் 1998-லேயே வந்துவிட்டது. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் மூன்றும் அதைப் படிக்கும். அதனால்தான் முடிகிறது.

அலுவலகக் கணக்கில் வெளி இணைப்பைச் சேர்க்கச் சில நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. அப்படியிருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் போனில் சொந்தக் கணக்கில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவே போதும்.

மூன்று இடங்களில் ஏமாந்துவிடாதீர்கள்

முதலாவது, இம்போர்ட்டும் சப்ஸ்கிரைப்பும் ஒன்றல்ல. ஒரு கோப்பை இறக்கி இம்போர்ட் செய்தால், அன்றைக்கு இருந்ததன் நகல் உங்களிடம் வரும். பிறகு சங்கம் தேதியை மாற்றினால் உங்கள் நகலில் மாறாது. பழைய தேதியை நம்பி ஏமாறுவீர்கள். சப்ஸ்கிரைப் செய்தால், அங்கே மாற்றியது இங்கேயும் மாறும்.

இரண்டாவது, அந்த மாற்றம் உடனே வருவதில்லை. கூகுளிலிருந்து கூகுளுக்கு நேரடியாகப் பகிர்ந்தால் சட்டென்று தெரிந்துவிடும். இணைப்பு வழியாக அவுட்லுக்கில் சேர்த்தால், சில மணி நேரத்துக்கு ஒரு முறைதான் அது போய்ப் பார்த்து வரும். சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ஆகவே காலண்டர் என்பது திட்டமிட்ட வேலைகளுக்கு. "இன்று மோட்டார் எரிந்துவிட்டது, மதியம் தண்ணீர் வராது" என்பதற்கு இன்டர்காமும் வாட்ஸ்அப்பும்தான். அதைக் காலண்டரில் போட்டுவிட்டு, சொல்லியாயிற்று என்று சங்கமும் இருந்துவிடக் கூடாது.

மூன்றாவதுதான் மிக முக்கியம். காலண்டரைச் சேர்த்தால் நினைவூட்டல் தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பகிர்ந்த காலண்டருக்கு மணி அடிக்க வேண்டுமா, எப்போது அடிக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தன் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கூகுளில் அந்தக் காலண்டரின் செட்டிங்ஸுக்குப் போனால், நேரம் குறித்த நிகழ்வுகளுக்கு ஒன்று, முழுநாள் நிகழ்வுகளுக்கு ஒன்று என்று நினைவூட்டல் இரண்டு இடத்தில் இருக்கும். லிஃப்ட் நிறுத்தம் முழுநாள் நிகழ்வு. அதனால் இரண்டிலும் வையுங்கள். ஒரு நாள் முன்பு மாலை 5 மணி என்று நான் வைத்திருக்கிறேன். அவுட்லுக்கில் இணைப்பு வழியாகச் சேர்த்திருந்தால் நினைவூட்டல் வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு மிகவும் தேவையான தேதியை உங்கள் சொந்தக் காலண்டரிலும் ஒரு முறை எழுதிக்கொள்ளுங்கள். அது நகல்தான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு வசதி இதில் உண்டு. நாம் இங்கே காலை 10 மணிக்குப் பொதுக்குழு என்று போட்டால், சிங்கப்பூரில் இருப்பவருக்கு மதியம் 12.30 என்றும் துபாயில் இருப்பவருக்குக் காலை 8.30 என்றும் தானாகவே காட்டும். வீடியோ அழைப்பில் சேர நினைப்பவர்கள் கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டியதில்லை.

யார் எழுதலாம், எதை எழுதலாம்?

சமையலறைக் காலண்டரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொன்னேன். நான்கு பேர் வீட்டுக்கு அது சரி. நூறு வீட்டுக்குச் சரிவராது. கூகுளில் பகிரும்போது நான்கு படிகள் இருக்கின்றன. நேரம் காலியா, இல்லையா என்று மட்டும் பார்ப்பது முதல் படி. விவரம் முழுவதும் பார்ப்பது இரண்டாவது. நிகழ்வுகளை மாற்றுவது மூன்றாவது. மாற்றுவதோடு, யாருக்குப் பகிர்வது என்பதையும் முடிவு செய்வது நான்காவது. குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் இரண்டாவது படி கொடுத்திருக்கிறோம். செயலாளரும் இணைச் செயலாளரும் மட்டும் மாற்றலாம். உங்கள் மீது நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஒரு குழந்தையின் விரல் பட்டாலே ஒரு நிகழ்வு அழிந்துவிடும், அதனால்தான்.

மாற்றும் உரிமை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. திரும்பத் திரும்ப வரும் நிகழ்வில் ஒரு தேதியை மட்டும் நகர்த்தும்போது, இந்த ஒன்றை மட்டுமா, எல்லாவற்றையுமா என்று கேட்கும். அவசரத்தில் எல்லாவற்றையும் என்று அழுத்திவிட்டால் வருஷம் முழுவதும் உள்ள சர்வீஸ் தேதிகள் இடம் மாறிவிடும். நானே முதல் வாரத்தில் அப்படிச் செய்துவிட்டு உட்கார்ந்து திருத்தினேன்.

எதை எழுதக் கூடாது என்பதும் முக்கியம். இணைப்பு என்பது சாவி மாதிரி. கையில் இருப்பவர் யாராக இருந்தாலும் திறந்து பார்க்கலாம். நம்மில் ஒருவர் நல்லெண்ணத்தோடு இன்னொருவருக்கு அனுப்ப, அவர் வேறொருவருக்கு அனுப்ப, அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே எந்த வீடு எந்த வாரம் பூட்டியிருக்கும் என்பது காலண்டரில் வரவே கூடாது. கூடம் பதிவான நாளில் "பதிவாகிவிட்டது" என்று மட்டும் இருக்கும். யார் வீட்டு நிச்சயதார்த்தம், எத்தனை பேர் வருகிறார்கள் என்பதெல்லாம் அலுவலகப் பதிவேட்டில் இருக்கட்டும். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதும் அப்படியே.

சங்கத்தின் பக்கம் செய்ய வேண்டியவை

உங்களுக்கு இத்தனை வேலை சொல்லிவிட்டுச் சங்கத்தை விட்டுவிட முடியாது. செயற்குழுவோடு பேசி மூன்று விஷயங்கள் முடிவாகியிருக்கின்றன.

ஒன்று, இனி ஒரு மெயிலில் ஒரே விஷயம். தலைப்பிலேயே தேதி முதலில் வரும். "12 சனி, 13 ஞாயிறு: சி பிளாக் லிஃப்ட் நிறுத்தம்" என்று இருந்தால் மெயிலைத் திறக்காமலே தெரிந்துவிடும். எல்லோருடைய முகவரியும் பிசிசி-யில் போகும். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் எல்லோருக்கும் பதில் போட்டு நூறு பேர் பெட்டி நிரம்பும் தொல்லையும் இல்லை.

இரண்டு, மெயில் கணக்கு பதவிக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல. செயலாளர் மாறும்போது பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது நம் வழக்கம். புதியவர் உள்ளே நுழையப் பார்த்தால் ஓடிபி பழையவர் போனுக்குப் போகும். அவர் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருப்பார். ஜிமெயிலில் பாஸ்வேர்டைக் கொடுக்காமலே இன்னொருவரைப் பிரதிநிதியாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. சாதாரணக் கணக்கில் 10 பேர் வரை சேர்க்கலாம். அவர்கள் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே சங்க மெயிலைப் படிக்கலாம், பதில் எழுதலாம். ஆனால் பாஸ்வேர்டை மாற்ற முடியாது. பொறுப்பு முடிந்ததும் பெயரை எடுத்துவிடலாம். மீட்பு எண்ணாகச் சங்க அலுவலகத்தின் மொபைல் எண் பதிவாகும். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சாவி, ரசீதுப் புத்தகம், வங்கிப் புத்தகத்தோடு இனி மெயில் கணக்கும் காலண்டரும் ஒரு வரியாக இருக்கும். இரண்டு வருஷம் யாரும் தொடாத சொந்தக் கணக்குகளை அழிக்கும் உரிமையைக் கூகுள் வைத்திருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து அதைச் செயல்படுத்தவும் தொடங்கிவிட்டது. பழைய குழுவின் கணக்கு எங்காவது தூங்கிக்கொண்டிருந்தால், அதில் இருக்கும் ரசீதுகளையும் ஒப்பந்தங்களையும் இப்போதே எடுத்து வைத்துவிட வேண்டும்.

மூன்று, இதுதான் எனக்கு மனதுக்கு நெருக்கமானது. நம் குடியிருப்பில் ஸ்மார்ட்போன் வேண்டாம் என்று இருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் லிஃப்ட் அதிகம் வேண்டும். அவர்களை விட்டுவிட்டு எந்தக் காலண்டர் போட்டும் பயனில்லை. ஒவ்வொரு மாதமும் கடைசி நாளில் அடுத்த மாதக் காலண்டரை ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, ஒவ்வொரு பிளாக் லிஃப்ட் அருகிலும் ஒட்டுவார்கள். வீட்டுக்கு ஒரு பிரதி வேண்டும் என்பவர்கள் வாட்ச்மேன் அண்ணனிடம் சொன்னால் கொண்டுவந்து தருவார்.

இன்று மாலைக்குள்

நிறையச் சொல்லிவிட்டேன். எல்லாம் நினைவில் இருக்க வேண்டியதில்லை. மூன்று மட்டும் இன்று மாலைக்குள் செய்யுங்கள். அதர் பகுதியையோ மற்ற தட்டுகளையோ திறந்து, சங்க மெயில் அங்கே கிடக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சொந்த முகவரியைச் சங்க அலுவலகத்தில் கொடுத்துக் காலண்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்ததும் நினைவூட்டலை வைத்துக்கொள்ளுங்கள்.

முடியவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். இந்த மாதம் எல்லாச் சனிக்கிழமையும் மாலை 5 மணி முதல் 6.30 வரை சங்க அலுவலகத்தில் இருப்பேன். போனையோ லேப்டாப்பையோ கொண்டு வாருங்கள். பாஸ்வேர்டை என்னிடம் சொல்ல வேண்டாம்; நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர்கள் "இதைப் போய்க் கேட்பதா" என்று தயங்க வேண்டாம். இதே வேலையைச் செய்கிற நானே ஏமாந்திருக்கிறேன்.

அன்று அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் வாட்ச்மேன் அண்ணனும் பி பிளாக் தம்பிகள் இருவரும் இங்கே இருக்கிறார்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா இப்போது நன்றாக நடக்கிறார். முதல் மாதத் தாளை அவருக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டினார். பிறகு பேனாவை எடுத்து, லிஃப்ட் சர்வீஸ் நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, "அன்றைக்குக் காய்கறி முதல் நாளே வாங்கிவிடு" என்றார்.

அந்த ஒரு வட்டத்துக்காகத்தான் இத்தனை நேரம் பேசினேன்.